கூழைக்கடா இருமும்

மேவிஸ் ட்ரெண்டில் டண்டினோங் நூலகத்துக்கு வருகிறாராம்.
எண்பத்தொரு வயது, பன்னிரண்டு புத்தகம்.
எங்கள் வீட்டுக்கு அதில் ஒன்றே
இரண்டு வருசம் காணுமாயிருந்தது.

ஊர் தொலைத்ததையெல்லாம்
அலகுப் பைக்குள் போட்டுவைக்கும் பெலிகனின் கதை:
ஒற்றைச் சொக்ஸ், சைக்கிள் சாவி,
யாரோ ஒரு பையனின் பால்பல்,
பாதியில் மறந்துபோன ஒரு விசில்.
கேட்டால் தந்துவிடும்.
ஆனால் தொலைந்ததின் பெயரைச்
சரியாகச் சொல்லவேண்டும்.

முதல் இரவு இவருக்கே பெயர் தெரியவில்லை.
"ஒரு பெரிய கொக்கு" என்று தொடங்கினார்.
"கொக்குக்குப் பை இல்லை"
என்று தீர்ப்புச் சொன்னாள் ஆரணி, ஆறு வயது.
மறுநாள் வேலைத்தல இடைவேளையில்
உறைந்த கோழிப் பெட்டிகளுக்கு நடுவே
கையுறையைக் கழற்றி, போனில் தேடி
ஒரு சொல்லோடு வீடு வந்தார்:
கூழைக்கடா.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து
கட்டிலால் உருண்டு விழுந்தார்கள்.
சாரங்கன் ஒரு கிழமை முழுக்க
அந்தப் பெயரைக் கண்டதற்கெல்லாம் வைத்தான்,
டோஸ்டருக்கு, பள்ளி பஸ்ஸுக்கு,
கோபம் வந்த நேரத்தில் எனக்கும்.

ஒவ்வொரு இரவும் ஏழரைக்கு,
இரவு வேலைக்குப் போக முன்,
சப்பாத்துப் போட்டபடியே வாசிப்பார்.
ஒரு வரி ஆங்கிலம், பிறகு தமிழ்,
தெரியாத சொல் வந்தால் ஒரு இருமல்.
குளிரறை தந்த இருமல் அது,
தெரிந்த சொல்லுக்கும் வரும்.
நான் குசினியில் இவருடைய புட்டைக் கட்டியபடி
குழாயைத் திறக்காமல் நிற்பேன்,
சத்தத்தில் ஒரு வரி போய்விடும் என்று.
எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள்.

ஜூலைச் சனிக்கிழமை.
கம்பளம் நிறையப் பிள்ளைகள்,
ஈரக் கோட்டுகளின் மணம்.
அந்த மனிசி குட்டை, பச்சைச் சப்பாத்து,
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
தன் கதையைத் தானே வாசித்தார்.
அழகாய்த்தான் வாசித்தார்.
மூன்றாம் பக்கத்தில் சாரங்கன் எழுந்து நின்றான்.
"பிழையாய் வாசிக்கிறீங்கள்."

எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது.

"எது பிழை?" என்றார் மேவிஸ்.
"அது கதைக்க முன்னம் இருமும்.
ஒவ்வொரு தடவையும்."
நூலகம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
புத்தகத்தை மடியில் கவிழ்த்து யோசித்தார்.
"வாய் நிறைய அவ்வளவு சாமான்.
இருமத்தானே செய்யும்?
நாற்பது வருசம், எனக்கிது தோன்றவில்லையே."

பிறகு முதலிலிருந்து வாசித்தார், இருமி இருமி.
கம்பளம் முழுக்கச் சேர்ந்து இருமியது.
முன்வரிசையில் ஒரு தாய் முகக்கவசம் தேடினாள்.
இவர் மட்டும் வரைபடப் புத்தகத் தட்டுக்குப் பின்னால்
டாஸ்மேனியாவை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்,
காது இரண்டும் சிவந்து.

கையெழுத்துக்கு எங்கள் பிரதியை நீட்டினோம்,
முதுகில் டேப், ஓரத்தில் பருப்புக் கறை.
பறவைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு
அந்த ழகரத்தோடு மூன்று தடவை மல்லுக்கட்டித் தோற்றார்.
பெயரை எழுதவில்லை.
பெலிகன் முதன்முதலாய் வாய் திறக்கும் பக்கத்தைத் தேடி
அச்சு வரிக்கு முன்னால், நீலப் பேனையால்,
ஒரு இருமல் எழுதினார்.

செப்டம்பரில் இவருக்குப் பகல் வேலை கிடைத்தது,
குளிரறை இல்லாத இடம்.
நெஞ்சு தெளிந்துவிட்டது.
இப்போதெல்லாம் நீல மை வந்ததும்
கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைக் கூட்டி,
பொய்க்குத்தான் இருமுகிறார்.

ஆரணிக்குத் தெரியும்.
தம்பிக்குச் சொல்லமாட்டாள்.